சேருமிடத்தில் அவிழ்ப்பவர்

பார்சல் ஆபீஸில் அவருக்கு ‘முடிச்சு’ என்று பெயர். இருபது வருடமாக மூட்டை கட்டுவதுதான் வேலை. அவர் கட்டியது வழியில் பிரிந்தது என்று ஒரு புகார் கிடையாது. அதைச் சேருமிடத்தில் எவன் எப்படி அவிழ்த்தால் அவருக்கென்ன?

மனிதருக்கு ஒரே ஆசை. முதுகில் பையைச் சுமந்துகொண்டு கரடுமுரடான ஒரு மலைப்பாதையில் மனைவியோடு நான்கு நாள் நடக்க வேண்டும். பத்து வருடம் கெஞ்சியதில் அம்மணி இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. முதல் நாள் தலைக்குமேல் கூரையும் வயிற்றுக்குச் சூடாக ஏதாவதும் கிடைக்காவிட்டால், மறுநாள் காலையிலேயே திரும்பிவிட வேண்டும். அப்புறம் மலை என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது.

முடிச்சார் விடுவாரா? லீவு போட்டுப் பைகளைக் கட்டினார். ஜிப்பை நம்பியவன் உருப்பட மாட்டான் என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு பைக்கும் சணல் கயிறு, குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு, சந்திக்கிற இடமெல்லாம் முடிச்சு. பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும் வெளியே.

காலையில் எல்லாம் ஜோராகத்தான் போயிற்று. சரளைச் சரிவில் தவழாத குறையாக ஏறினார்கள். ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். மனைவி ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு, கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே, மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் பைக்குள். சணல் நனைந்தால் இறுகும் என்று அவருக்குத் தெரியாதா, அதற்காகத்தானே சணல்! நகத்தால் பிறாண்டினார், பல்லால் கடித்தார். முடிச்சு தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

“கத்தி எங்கே?” என்றார் மனைவி.

கத்தி பத்திரமாகத்தான் இருந்தது. பைக்குள்ளே, மூன்று சுற்றுக் காகிதத்தில், ‘கூர்மை, கவனம்’ என்று மேலே எழுதி.

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது. காலையில் திரும்பிவிடலாம் என்று அவரே வாயால் சொல்லிவிட்டார்.

மனைவி பையருகே குனிந்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, முடிச்சின் அடிப்பக்கம் நுழைத்து லேசாக நெம்பினார். தளர்ந்தது. பத்தே நிமிடத்தில் கூடாரப் பையின் பதினாறு முடிச்சும் அவிழ்ந்தன. அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பரண் மூட்டை, பழைய துணி, குளிர்காலப் போர்வை என்று வீட்டில் தான் கட்டிப்போட்டதையெல்லாம் இத்தனை வருடமாக அவிழ்த்தது யார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

கூடாரம் எழும்பியது, சூப் கொதித்தது.

மறுநாள் காலை, வந்த வழியைப் பார்த்தபடி முடிச்சார் கயிற்றைக் கையில் எடுத்தார். மனைவி அதைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

“கூரை இருந்துச்சு, சூப்பும் இருந்துச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா மிச்ச மூணு நாளும் கயிறு எங்கிட்டதான் இருக்கும். நடங்க.”

சொல்லிவிட்டு அவர் மேலே ஏறத் தொடங்கினார். முடிச்சார் ஜென்மத்தில் முதல்தடவையாக ஒரு ஜிப்பை மட்டும் இழுத்து மூடிவிட்டு, பின்னாலேயே ஓடினார்.