இடப்பக்கம் ஓடும் நீர்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு திருட்டுப்பட்டம் கட்டாதீர்கள். கல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் மாடிவீட்டில் குடியிருக்கும் சாய்பிரியாவுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன் கருக்களை வளர்க்கும் வேலை. ஒருநாள் என்னை அழைத்துப்போய் நுண்நோக்கியில் பார்க்கச் சொன்னாள். கண்ணாடி முட்டைக்குள், இன்னும் வாய்கூடத் திறக்காத ஒரு மீன். அதற்குள் ஏதோ துடித்தது.

"வெறும் குழாய்தான்க்கா அது. முழு இதயமா ஆகறதுக்குள்ளயே துடிக்க ஆரம்பிச்சிடும்."

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தத் துடிப்புதான் தெரிகிறது. எழுதி இறக்கிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: ஹவுராவிலிருந்து கிளம்பிய படகு நேராகத்தான் போனது, ஆனால் ஆறு அதை மெதுவாக ஒரு பக்கமாக—

[வேண்டாம். கல்கத்தா என்றால் உடனே படகா?]*

* அடித்தேன், ஆனால் அழிக்கவில்லை. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்குமாம். இடையிலுள்ள செல்கள் செத்து வழிவிட்ட பிறகே விரல்கள் பிரியும். செத்த வாக்கியங்களும் இங்கேயே கிடக்கட்டும்.

2.

கதாநாயகியைத் துணிச்சல்காரியாக எழுதத்தான் ஆசை. ஆனால் சாய்பிரியா சரியான பயந்தாங்கொள்ளி. பாவம், காரணம் இருக்கிறது. இரண்டு கருக்கள் தங்கவில்லை. முதல் தடவை கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு குட்டிக் கம்பளித் தொப்பி வாங்கியிருந்தாள். பிள்ளை பிறக்கும்முன் எதையும் வாங்கிவைப்பது அவள் வீட்டில் வழக்கமில்லை. அந்தத் தொப்பியால்தான் போயிற்று என்று இன்றும் நம்புகிறாள்.

"ஜீன், செல்லுன்னு நாள் பூரா பேசறவ நீ. தொப்பி என்னடி பண்ணும்?" என்றேன்.

"படிச்சது வேற, பயம் வேறக்கா. என் கதையை எழுதிக்கோங்க. முடிவை மட்டும் முன்னாடியே எழுதிடாதீங்க."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

3.

இன்று காலை ஸ்கேன். டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்போர்ட் நாளைக்கு என்று அனுப்பிவிட்டார்கள். திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் நேரே என் வீட்டுக்கு வந்து செருப்போடு உட்கார்ந்தாள்.

"இதயம் வலது பக்கம் இருக்குக்கா. என் கண்ணால பார்த்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே விளக்கினாள். கரு சின்னப் புள்ளியாக இருக்கும்போது அதற்கு இடம் வலம் கிடையாதாம். பிறகு ஓரிடத்தில் நுண்ணிய மயிரிழைகள் சுழன்று, நீரை இடப்பக்கமாகத் தள்ளுமாம். அந்த ஓட்டம் பட்டதும் அந்தப் பக்கத்தில் மட்டும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ள, இதயம் அங்கே சாய்கிறது. நீர் ஓடாவிட்டால் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்லமுடியாது.

வெளியே மழை. சன்னலோரம் வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துப்போட்ட அந்தப் படகு என் நினைவில் மறுபடி மிதந்து வந்தது. பயமாக இருந்தது, அழகாகவும் இருந்தது.

ஆபீசிலிருந்து நனைந்துகொண்டே வந்தான் அவள் கணவன் நிர்மல். எல்லாவற்றையும் கேட்டான்.

"உன் மீனை எப்பவும் எப்படி வச்சுப் பார்ப்ப?"

"குப்புற. முதுகுப் பக்கத்துலேர்ந்து."

"நம்ம புள்ள எப்படிப் படுத்திருந்துச்சு? மல்லாந்தா, குப்புறவா? தலை மேலயா, கீழயா?"

"அதைப் பார்க்கலையே" என்றாள். பிள்ளை திரும்பிக் கிடந்தால் திரையில் இடது வலதாகத் தெரியும்; இவளோ தன் பிள்ளையையும் மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்!

எனக்குச் சிரிப்பு வந்தது. நிர்மலும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

4.

முடிவு அ: நாளை டாக்டர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறார். [அத்தனை சுலபமாக அவளை விட்டுவிடுவேனா? விட்டுவிடத்தான் ஆசை.]

முடிவு ஆ: இதயம் வலப்பக்கம்தான். உள்ளே எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல மாறியிருந்தால், அப்படியே நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு என்று அவளே சொன்னாள். இதயம் மட்டும் மாறியிருந்தால்—

[இதற்குமேல் என் கை போகவில்லை.]

5.

இப்போது சாய்பிரியா என் சோபாவில் தூங்குகிறாள். ஒரு கை வயிற்றின் மேல், இடமா வலமா என்று தெரியாத ஓரிடத்தில். நிர்மல் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். மழை விடவில்லை.

முடிவை எழுதமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொப்பி வாங்குவதும் முடிவு எழுதுவதும் அவளுக்கு ஒன்றுதான். அவளைக் கிண்டல் செய்தவள்தான் நான். இன்று எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

ஆனால் நீங்கள் எங்கள் வீட்டு மனிதர் இல்லை. இந்த வழக்கம் உங்களைக் கட்டாது. கரியாஹாட் பக்கம் போனால் ஒரு குட்டிக் கம்பளித் தொப்பி வாங்கி உங்களிடமே வைத்திருங்கள். எங்களிடம் சொல்ல வேண்டாம். நாங்களே வந்து கேட்கிறோம்.