கோல் சத்தத்துக்குப் பின்னால் வரும் பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் கதை கனவில் வருமாம், மழையில் வருமாம். எனக்கு, ஒரு பக்கக் கிருதாவை வழித்து மறுபக்கத்தை வழிக்காமல் விட்டிருந்த நேரத்தில் வந்தது. எங்கள் கடற்கரை ஊரான சாந்தா மார்த்தாவில், பெஸ்கைத்தோ பேட்டையில், கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். வானொலியில் செய்தி: எங்கள் ஊர்க் கால்பந்து அணி யெய்னர் பர்ரோஸைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. மனைவியை அடித்ததற்காக அவனை வெளியே அனுப்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் உடனே நீதிபதி ஆனார்கள்.

"மனுசன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்ல?"

"குடுக்கலாம், குடுக்கலாம். முட்டி எப்படி இருக்காம்?"

"முட்டி நல்லாத்தான் இருக்காம்."

"அப்பக் குடுக்கலாம்."

லாட்டரிச் சீட்டு விற்க வந்த ஒரு பெண் நேராக உள்ளே போய் வானொலியை அணைத்தாள். அப்படியே வெளியே போய்விட்டாள். கடைக்காரர் கத்தியும் கையுமாக, "இவளுக்கு என்ன கேடு?" என்றபடி மறுபடி போட்டார். நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

(அந்தப் பெண் யெய்னரின் மனைவி இல்லை. யார் என்று தெரியாது. பின்னால் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். பாதிக் கிருதாவோடு தெருவில் ஓட வெட்கமாக இருந்தது.)

2

முதல் தொடக்கம்: "அன்று மைதானமே எழுந்து நின்று, கைகளை உயர்த்தி—"

விட்டுவிட்டேன். கதையில் முதலில் யார் எழுந்து நிற்கிறார்களோ, வாசகரும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வார். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "மிலெய்டிஸின் இடது கண்ணுக்குக் கீழே—"

இதையும் அடித்துவிட்டேன். யெய்னர் மனைவியின் அந்தப் படத்தைப் பத்திரிகையில் ஏற்கெனவே போட்டார்கள், விளையாட்டுப் பக்கத்தில், அடுத்த ஆட்டத்தில் அவனுக்குப் பதிலாக யார் இறங்குவார் என்ற கட்டுரைக்குப் பக்கத்திலேயே. இன்னொரு தடவை பார்க்க ஆசை என்றால் என்னிடம் வராதீர்கள்.

மூன்றாம் தொடக்கம்: "லிபார்தோ நோகேராவுக்குத் தொண்டை கட்டியிருந்தது."

இது பரவாயில்லை. ஒரு கிழவரின் தொண்டையைப் பற்றி என்றால் யாரும் பயப்படாமல் படிப்பார்கள்.

3

லிபார்தோ நோகேராவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. கடற்கரை வானொலியில் அவர்தான் கால்பந்து வர்ணனையாளர். எங்கள் ஊரில் மைதானத்துக்கு நேரில் போனவர்கள்கூடக் காதில் வானொலியை வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பார்கள். கண்ணால் பார்த்ததை லிபார்தோ சொன்னால்தான் நம்புவார்கள்.

ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவர்தான். டிசம்பரில் மலையிலிருந்து இறங்கி வந்து கூரைத் தகட்டைப் பிய்த்தெறியும் காற்றை நாங்கள் கிறுக்குக்காத்து என்போம். யெய்னர் சின்னப் பையனாக வந்து இடதுகாலால் முதல் கோல் போட்ட அன்று, லிபார்தோ அடிவயிற்றிலிருந்து "கோல்" என்று இழுத்து, முடிவில் அந்தப் பெயரைப் போட்டார்: "கிறுக்குக்காத்து!" அதற்குப் பிறகு அவன் அம்மாகூட அவனை வேறு பெயரில் கூப்பிடவில்லை. லிபார்தோ தன் வாழ்நாளில் செய்த ஒரே அழகான காரியம் அந்தப் பெயர்தான் என்று அவரே நினைத்திருந்தார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனிதர்.

யெய்னர் திரும்பி வந்த நாளில் கால்பந்துக் கழகத் தலைவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். யெய்னருக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பின்னால் பெரிய எழுத்தில் "எல்லாருக்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு". எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்தான் என்று நம்பிவிடாதீர்கள். முந்தின வருடம் இதே குற்றத்தைச் செய்த ஒரு மாற்று ஆட்டக்காரன் இருந்தான். பந்தை நேராக உதைக்கத் தெரியாதவன். இப்போது வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். அவன் விஷயத்தில் மனித மாண்பு, மன்னிப்பு இதெல்லாம் கழகத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாய்ப்பு கொடுத்தது யெய்னருடைய இடதுகாலுக்கு. அடித்தது கை. கால்பந்தில் கைக்கு வேலையே இல்லாததால் தலைவர் அதை விட்டுவிட்டார் போலிருக்கிறது.

(யெய்னருக்காகவும் ஒரு வரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. தண்டனையை அனுபவித்தான். ஆலோசனை வகுப்புக்கு ஒழுங்காகப் போனான். உண்மையாகவே மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவனை உண்டாக்கியவன் நான், எனக்கே தெரியவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.)

அதோடு வானொலிக்கு விளம்பரம் கொடுக்கும் ஒரு மெத்தைக் கடை. லிபார்தோ அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், "கிறுக்குக்காத்தே அடிச்சாலும் கலையாத தூக்கம்" என்று ஒரு குரல் ஒலிக்கும். முதல் வரைவில் அது சலவைத்தூள் கம்பெனியாக இருந்தது. கறை போகும் என்று விளம்பரம். ரொம்பத்தான் கேலி செய்கிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதால் மெத்தை ஆக்கினேன். இப்போது இன்னும் மோசமாகிவிட்டது.

4

மிலெய்டிஸை எழுதும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் அழுதாள். பக்கம் முழுக்க ஈரம். இரண்டாவதில் நிமிர்ந்து நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். தலைநகரத்தில் கைதட்டுவார்கள், பெஸ்கைத்தோவில் "யாரு எழுதிக் குடுத்தா?" என்பார்கள். மூன்றாவதில், வேலை பார்க்கும் பல்பொருள் கடையின் சீருடையோடு, சாப்பாட்டு இடைவேளையில், பாதி தின்ற முட்டை அரேப்பா என்ற சோள அடையை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கையில் பிடித்தபடி வானொலி நிலைய வாசலுக்கு வந்தாள். இவளை நான் நம்பினேன்.

"லிபார்தோ அண்ணே, ஒரு நிமிசம்."

"சொல்லும்மா." அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள முகம் ஒத்துழைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவன் ஆடுறான்ல?"

"ஆடுறான்."

"ஆடட்டும். அது அவன் வேலை. வேலை பாத்தாத்தான் புள்ளைக்கு ஏதாச்சும் அனுப்புவான். நான் வேணாம்னு சொல்ல வரல."

"பின்ன என்னம்மா?"

"நீங்க அந்தப் பேரைச் சொல்லிக் கத்தாதீங்க."

லிபார்தோ சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா நீ. கத்துறதுதான் என் பொழப்பே."

"எங்க தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாம நீங்கதான் ஓடுவீங்க. நான் அணைச்சாலும் பக்கத்து வீட்டுச் சுவரு வழியா வருவீங்க, பின்வீட்டு ஜன்னல் வழியா வருவீங்க. அன்னிக்கும் அப்படித்தான். மத்தியானம் ரெண்டு கோல் போட்டான். நீங்க கத்துனீங்க. வீட்டுக்கு வந்தான். வெளிய தெருவே அந்தப் பேரைச் சொல்லி ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல."

லிபார்தோவின் குரல் இறங்கியது. கடற்கரை வானொலியின் வரலாற்றில் முதல் தடவை.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுதான். அதான் உங்க மேல கோபம் இல்ல. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?"

"பேரச் சொல்லலேன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இந்த வயசுல எவன் கூப்பிடுவான்?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் கேக்குறேன். மத்தவங்க வாயை நான் மூட முடியுமா? நீங்க ஆரம்பிச்சாத்தான் தெரு ஆரம்பிக்குது."

"யோசிக்கிறேன்."

"யோசிங்க. எனக்கு நேரமாச்சு, கல்லாவுல கூட்டம் நிக்கும்." போய்விட்டாள். அவர் கொடுத்த பதிலை நம்பினாளா என்று எழுத முயன்றேன். "அவள் கண்களில் ஒரு—" இல்லை. வேண்டாம். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், எனக்கும் முதுகுதான் தெரிந்தது.

(இங்கே ஒரு கட்டுரை எழுதத் துடிக்கிறது கை. சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒரு மனிதனுக்கு மறுபடி வேலை கொடுப்பது வேறு, அவனை மறுபடி தோளில் தூக்குவது வேறு. தச்சனுக்கு வேலை திரும்பக் கிடைத்தால் நாற்காலி செய்வான், கூலி வாங்குவான், வீட்டுக்குப் போவான். ஊர் கூடி அவன் பெயரைச் சொல்லி ஆடுவதில்லை. கால்பந்தாட்டக்காரனுக்கு இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறோம். மிலெய்டிஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்கிறாள், அவ்வளவுதான். முடிந்தது கட்டுரை.)

5

ஞாயிற்றுக்கிழமை. முதல் பாதி முழுக்க லிபார்தோ அந்தப் பெயரைத் தொடாமல் வழுக்கு மரம் ஏறினார்.

"பந்து ஒன்பதாம் நம்பர்கிட்ட போகுது... ஒன்பதாம் நம்பர் திரும்புறாரு..."

மைதானத்தில் காதில் வானொலியோடு இருந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"கெழவனுக்கு மறந்துபோச்சுடா. ஒன்பதாம் நம்பராம்ல."

"அடுத்து, பந்து உருண்டையா இருக்குன்னு சொல்லுவான் பாரு."

வர்ணனை அறையில் பின்னால் உட்கார்ந்திருந்த நிலைய முதலாளி எஃப்ரேன் விளம்பர இடைவெளியில் குனிந்தார். "யோவ், யாருய்யா அந்த ஒன்பதாம் நம்பர்? அவனைப் பெத்தவங்க பேரே வைக்கலையா?"

"தொண்டை சரியில்ல தலைவா."

"ஒன்பதாம் நம்பர்னு சொல்றதுக்கு மட்டும் தொண்டை இருக்கோ? மெத்தைக்காரன் போன் மேல போன் போடுறான். நீ அந்தப் பேரைச் சொன்னாத்தான் அவன் விளம்பரம் வரும்."

"பாப்போம்."

"என்னத்தைப் பாக்குறது? அந்தப் பொண்ணு உன்னைய வந்து பாத்துச்சுன்னு கேள்விப்பட்டேன். பாவம்தான். நான் இல்லங்கல. ஆனா ஊரே மன்னிச்சாச்சு, நீ மட்டும் பெரிய இவனா?"

"ஊரு அடிவாங்கலையே தலைவா."

எஃப்ரேன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "கோல் விழுந்தா பேரைச் சொல்லு. சொல்லலேன்னா மைக்கை வச்சிட்டு அப்படியே இறங்கிப் போயிரு. வெளிய நாலு பேரு தொண்டையைத் தீட்டிக்கிட்டு நிக்கிறான்."

லிபார்தோ எப்படியாவது இந்த ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சொந்த அணிக்குக் கோல் வேண்டாம் என்று வேண்டிய முதல் வர்ணனையாளர் அவராகத்தான் இருப்பார். பாவி மனிதர், அதே நேரத்தில் யெய்னர் பந்தோடு பாயும்போதெல்லாம் அவர் நாக்கின் நுனியில் அந்தப் பெயர் வந்து குதித்தது. அவன் ஆட்டம் அப்படி. அசிங்கமாக ஆடித் தொலைத்திருக்கலாம்.

6

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடை விரிக்கலாம்.

யெய்னருக்கு முட்டி உடைகிறது. கடவுள் இருக்கிறார். (மலிவு. முட்டி உடைந்தால் மன்னிப்பும் அன்றைக்கே உடையும் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்லக் கடவுள் எதற்கு?)

யெய்னர் கோல் போட்டுவிட்டு, கொண்டாடாமல், முழந்தாளிட்டு அழுகிறான். (கழகத் தலைவர் இதற்குக் கைதட்டுவார். மெத்தைக்காரர் இரட்டிப்பாகக் கொடுப்பார்.)

லிபார்தோ நேரலையில் மிலெய்டிஸ் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, மைக்கை வீசிவிட்டு, கம்பீரமாக வெளியே நடக்கிறார். என் நண்பர்கள் எல்லாருக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் கேட்டது ஒரு பெயர் காதில் விழாத ஞாயிற்றுக்கிழமை. இவர் என்னவென்றால் அவள் பட்ட அடியை எடுத்து ஊர் முழுக்கப் போட்டுவிட்டு, தானே கதாநாயகன் ஆகிவிடுகிறார். தெரு இப்போது லிபார்தோவின் பெயரைச் சொல்லி ஆடும். அவளைக் கேட்டீர்களா என்றால், அவசரத்தில் மறந்துவிட்டேன் என்பார்.

கோல் இல்லாமல் ஆட்டம் முடிகிறது. (ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராதா?)

7

ஆகவே கோல் விழுகிறது. ஆட்டம் முடியப்போகும் நேரம், இடதுகால், வலையின் மேல்மூலை. நல்ல கோல். நான் வேண்டுமென்றே நல்ல கோலாக எழுதுகிறேன். மட்டமான கோலுக்கு வாயை மூடிக்கொள்வது யாருக்கும் எளிது.

லிபார்தோ எழுந்து நின்றுவிட்டார். யோசித்து எழவில்லை, உடம்பு எழுந்தது. "கோ" என்று தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் கோல் என்ற சொல்லை மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும். மூச்சு தீரும் இடத்தில் பெயர் வரும். இழுத்துக்கொண்டிருக்கும்வரை எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதனால் இழுக்கிறார். பின்னால் எஃப்ரேன் மைக்குக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பெஸ்கைத்தோவில் மிலெய்டிஸ் நாளைக்குப் போட வேண்டிய சீருடையைச் சமையலறை மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் வீட்டு வானொலியை அணைத்துவைத்திருக்கிறாள். சுவர் வழியாக வருகிறது, ஜன்னல் வழியாக வருகிறது. "கோ" நீண்டுகொண்டே போகிறது. இவ்வளவு நீளமாக அந்த மனிதர் இதுவரை இழுத்ததில்லை. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிற்கிறாள். தெரு முழுக்க, வாயைத் திறந்தபடி, அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறது.

நான் இங்கே நிறுத்துகிறேன். கிழவருக்கு இனி மூச்சு இல்லை, முகம் நீலம் பாரித்துவிட்டது, யாராவது சீக்கிரம் முடித்துவைக்க வேண்டும். நீங்கள் முடியுங்கள். அவனுக்கு வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் தாராளமாக அந்தப் பெயரைச் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஒரே ஒரு விஷயம். வானொலியில் இருந்துகொண்டு, மைதானத்தில் கூட்டத்தோடு நின்றுகொண்டு சொல்ல விடமாட்டேன். மிலெய்டிஸ் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.