நான்கு விரல் ஜெல்லிமீன்

2019 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால். மேகமும் இல்லை, காற்றும் இல்லை. புண்களை ஆற்றும் புனித ரோக்கோவின் சிலையைத் தோளேற்றக் காத்திருந்த கோசிமோ லகனா, பெர்கமோட் எண்ணெயைக் கழுத்தில் நான்கு விரல்களால் இழுத்துப் பூசிக்கொண்டார். ஒத்தாவியா பார்க்கவேண்டும் என்பதற்காகவே பூசினார்.

எலுமிச்சைக்கு உறவான பெர்கமோட் பழத்தின் தோலிலிருந்து எண்ணெய் பிழியும், இத்தாலியின் கலாப்ரியக் கூட்டுறவு ஆலைக்கு அவர் தலைவர். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒத்தாவியா அங்கே பாதுகாப்புப் பொறுப்பாளர். ‘வேறு எண்ணெயில் துளியளவு கலந்தே பூசவும். நெருப்பருகே வைக்கலாகாது. பூசியபின் வெயிலில் செல்லலாகாது’ என்று புட்டிகளுக்கு அவள் எழுதிய குறிப்பு, ஒப்பமின்றி அவர் மேசையில் கிடந்தது. குறிப்பில்லாத புட்டியில் தன் பெயர் இராது என்று அவள் எழுதிய பணிவிலகல் கடிதமும் பக்கத்திலேயே கிடந்தது.

“காலங்காலமா பூசுறோம் டாக்டரம்மா. எவன் வெந்தான்?”

“ராத்திரியில பூசியிருப்பாங்க, தலைவரே.”

“‘செல்லாதிருத்தல் நலம்’னு போடேன். ‘ஆகாது’ன்னா விஷம் மாதிரி இருக்கு.”

“‘நலம்’னா, போனாலும் பரவாயில்லைன்னு அர்த்தம்.”

சிலை அவர் தோளில் உச்சி வெயிலில் அந்த மலையூரைச் சுற்றியது.

மறுநாள் அவர் காலரை விரித்துக் காட்டினார். “பாரு, பச்சப்புள்ள கழுத்து! திங்கக்கிழமை உன் கடிதாசுல கையெழுத்துப் போட்டுடுறேன்.”

அந்த எண்ணெய் தன் வேலையைத் தாமதமாகத்தான் தொடங்கும் என்பதை ஒத்தாவியா அறிவாள். சொன்னாலும் பயனில்லை என்பதையும் அறிவாள். இழுப்பறையைக் காலிசெய்தாள்.

திங்களன்று, ஆகஸ்ட் புழுக்கத்தில், தலைவர் பட்டுத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். உட்காரும்போது துண்டு நழுவியது. சிவந்து, கொப்புளித்து, நான்கு கோடுகள்.

“என்னாச்சு, தலைவரே?”

“ஜெல்லிமீன்.”

“மலை மேலயா?”

“ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போனேன்.”

“அதுக்கு நாலு விரலா?”

“இந்தக் கடல்ல இருக்கறதுக்கு இருக்கு.”

அவர் இரண்டு தாள்களையும் எடுத்தார். ஒன்றால் கழுத்துக்கு விசிறிக்கொண்டே மற்றொன்றைப் படித்தார். பேனா ‘ஆகாது’ என்னும் இடத்தில் நின்றது.

“இலக்கணப்படி சரிதானா?”

“தோல்படியும் சரி.”

கையெழுத்திட்டார். கழுத்து திரும்ப மறுத்ததால் உடம்போடு திரும்பி, குறிப்பை அவளிடம் நீட்டினார். பணிவிலகல் கடிதத்தால் விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.