பழைய பெயரில் இருந்த படம்

கம்பாய்க்கு உடன்பிறந்தவள் என்று இருப்பது புவாகம் ஒருத்திதான். அவளுடைய நுரையீரலில் ஒரு பொட்டு. வட தாய்லாந்தின் லம்பாங்கில், காடும் வயலும் எரியும் புகைக்காலம் முடிந்த கையோடு ஊருக்குள் வந்த ஸ்கேன் வண்டியில் அது அகப்பட்டது. நாலு மில்லிமீட்டர்.

"சின்னதுதான், பயப்படாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து, ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கணும். இதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று சிடி ஒன்றைக் கொடுத்தார்கள்.

வருஷம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க கம்பாயால் முடியுமா? தங்கையைப் பிக்குவிடம் இழுத்துப் போனாள். அவர் பிறந்த கிழமையைக் கேட்டார். ஆகாத எழுத்து பெயரிலேயே இருக்கிறது என்றார். மறுவாரமே மாவட்ட அலுவலகத்தில் புவாகம், சிரிகன்யா ஆகிவிட்டாள். பழைய பெயரை இனி உச்சரிக்கவே கூடாது, உச்சரித்தால் பழைய கெட்டது தேடிக்கொண்டு வந்துவிடும் என்பது கண்டிப்பு.

வருஷம் கழித்து நகரத்து ஆஸ்பத்திரி. தங்கை உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

இருந்தது. கம்பாயின் மடியில், பைக்குள்ளேயே இருந்தது. மேலே மையால் பெரிதாகப் பழைய பெயர். கொண்டுவந்தவளுக்குக் கொடுக்கக் கை வரவில்லை.

"இல்லீங்க டாக்டர்."

அடிப்பாவி! பையைத் திறந்திருக்கக் கூடாதா?

படம் வந்ததும் டாக்டர் சொன்னார்: "ஏழு மில்லிமீட்டர். பழைய படம் இல்லாம வளருதான்னு சொல்ல முடியாது. ஆறு மாசம் பாப்போம்."

"பாத்தியாடி, ஆறு மாசம் விட்டுட்டாரு!" என்று கம்பாய் தங்கையைச் சந்தைக்கு அழைத்துப்போய் காவ் சோய் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்கள்.

ஆறாவது மாதம் புவாகமால் மாடிப்படி ஏற முடியவில்லை. புதிய படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். தங்கையை வெளியே உட்காரச் சொன்னார். பொட்டு பதினாறு. ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது. கம்பாய் பையைத் திறந்து சிடியை மேசையில் வைத்தாள். அவர் அதைப் போட்டுப் பார்த்தார். தேதியைப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே குடுத்திருந்தா, நாலு ஏழாயிருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அப்பவே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்."

"இப்ப?"

"இப்ப முடியாதும்மா. வலி இல்லாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

கம்பாய்க்கு அழுகைகூட வரவில்லை. தன் கையாலேயே தங்கையை முடித்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புவாகம் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? புதுப் பேரு வேலை செஞ்சுதா இல்லியா?"

"செஞ்சுதுடி" என்றாள் கம்பாய்.