நீள மட்டை

காரைக்காலில் எங்கள் தெருவுக்கு டி.வி. வந்தது எழுபத்தொன்பதில். அப்போது எந்த நிலையமும் இந்த ஊருக்கு எட்டாது. பிரெஞ்சு பென்ஷன்காரர் மொரீஸ் மாமா பாரீசிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. கூடவே இரண்டு குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஒன்றும் வந்தது. சின்னதன் ஒயரைப் பெரியதில் சொருகினால் திரையின் நடுவே ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு மட்டை, ஒரு பந்து. குமிழைத் திருப்பினால் மட்டை மேலும் கீழும் நகரும். எதிராளி பந்தைத் தவறவிட்டால் நமக்கு ஒரு புள்ளி. முதலில் பதினைந்து எடுத்தவருக்கு வெற்றி. டி.வி. என்றால் இவ்வளவுதான் என்று தெருவே நம்பியது. எதிர்வீட்டு அக்கா “சாயங்காலம் டி.வி. பாக்க வரேன்” என்றால் பந்து பார்க்க வருகிறாள் என்று அர்த்தம்.

மகளோடு இருக்க மொரீஸ் மாமா பிரான்சுக்கே திரும்பியபோது இரண்டு பெட்டியையும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். எண்பத்திரண்டில் மற்ற வீடுகளில் உயரமாக ஆன்டெனா ஏற்றி இலங்கை நிகழ்ச்சி பார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் டி.வி. பிரெஞ்சு ஜாதி; எப்படித் திருப்பினாலும் கோடு கோடாகத்தான் வந்தது. எனக்கென்ன நஷ்டம்? நான் ஆடினேன். நான்கு வருஷம் ஆடினேன். என்னை ஜெயிக்கத் தெருவில் ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தப் பெருமைதான் எனக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தது. நெடுங்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர், “நானும் ஆடிப் பாக்குறேனே” என்று உட்கார்ந்தார். பதினைந்துக்கு இரண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் குமிழ் சரியில்லை என்றார். பெண்ணுக்கு அடக்கம் போதாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதனால் எண்பத்து மூன்று தை மாதம் விழிதியூரிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றதும், நான் பூத்தையல் போட்ட துணியை எடுத்து அம்மா இரண்டு பெட்டிகளையும் மூடிவிட்டாள்.

“அல்லி, இன்னிக்கு அதத் தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்.”

மாப்பிள்ளை பெயர் பூமிநாதன். பாரீசில் தபால் பிரிக்கும் வேலை. அவருடைய அப்பா முத்தையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொஜ்ஜி பஜ்ஜி தின்று முடித்ததும் பூமிநாதன் எழுந்து தன் தட்டைத் தானே அடுப்படிக்கு எடுத்து வந்தார். “ஐயய்யோ, வைங்க தம்பி!” என்று அம்மா பதறினாள். “எங்க கழுவணும்?” என்று கேட்டார் அவர். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. மறைப்பானேன்? இந்த வரன் தட்டிப்போகக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வினை மாப்பிள்ளையின் அம்மா சொர்ணாம்பாள் ரூபத்தில் வந்தது.

“இந்தப் பூவேலை நீ போட்டதாம்மா?” என்று கேட்டு, தையலின் பின்பக்கம் பார்க்கத் துணியை முழுசாகத் தூக்கினார். பெட்டிகள் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

“அட! இதப் பாத்து எத்தன வருஷமாச்சு!” என்று பூமிநாதன் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு பேரும் ஆடுங்களேன், நாங்களும் பாக்குறோம்” என்றார் முத்தையன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது: “தோத்துடு.”

சொல்வது சுலபம். வருகிற பந்தை வேண்டுமென்றே விட என் கைக்குத் தெரியாது. சித்தியின் ஐந்து வயது மகளிடம்கூட என்னால் விட்டுக்கொடுத்து ஆட முடிந்ததில்லை. அதற்குத்தான் சின்னப் பெட்டியின் பின்னால் ஆளுக்கொரு சுவிட்ச் உண்டு. கீழே தள்ளினால் அந்த ஆளின் மட்டை இரண்டு மடங்கு நீளமாகிவிடும். சின்னதும் பெரிசும் சேர்ந்து ஆட வேண்டும் என்று யோசித்துச் செய்திருந்தார்கள். ஒயரைச் சொருகும் சாக்கில் கையைப் பின்னால் விட்டு, மாப்பிள்ளைப் பக்கத்துச் சுவிட்சைக் கீழே தள்ளினேன். இனி நான் ஒழுங்காக ஆடியே தோற்கலாம்.

ஆனால் மனிதர் நன்றாகவே ஆடினார். நீள மட்டை வேறு. நான் ஓரத்தில் அடித்துச் சாய்த்து அனுப்பிய பந்தையெல்லாம் திருப்பினார். நான் ஒன்று, அவர் ஒன்று என்று ஏறிப் பதினாலுக்குப் பதினாலில் வந்து நின்றது. சொர்ணாம்பாள் மகனுக்காகக் கை தட்டினார். அம்மா முகத்தில் பாதிக் கல்யாணம் முடிந்த களை.

கடைசிப் பந்தை விடும் பொத்தான் அவர் பக்கம். அவர் அதை அழுத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் மட்ட உங்களதவிட நீளமா இருக்கே?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். டக்கென்று ஒரு சத்தம். அவருடைய மட்டை என்னுடையதன் அளவுக்குச் சுருங்கியது.

“இப்ப ஆடுவோம்” என்று பொத்தானை அழுத்தினார்.

இந்தப் பந்தை விட்டால் கல்யாணம் நடக்கும், அடித்தால் நெடுங்காட்டுக் கதைதான் என்று தெரிந்தது. ஆனால் விட்டுவிட்டால், நான் இல்லாத யாரோ ஒரு பெண்ணைத்தான் அவர் பார்த்துவிட்டுப் போவார். அது எனக்குப் பொறுக்கவில்லை. மட்டையின் நுனியில் வாங்கி மேல் மூலைக்குச் சாய்த்தேன். அவர் குமிழைத் திருப்பி முடிப்பதற்குள் பந்து போய்விட்டது.

பதினைந்து.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முத்தையன் தொண்டையைச் செருமி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்ப நாங்க போயி கலந்து பேசிட்டு...” என்று எழுந்தார்.

“உக்காருங்கப்பா” என்றார் பூமிநாதன். குமிழை இன்னும் விடவில்லை. “அங்க இப்ப புது மெஷின் வந்திருக்கு. பாட்டுக் கேசட்டு கணக்கா ஒண்ணச் சொருகணும். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஆட்டம். ராக்கெட்டு வரும், காரு வரும், எல்லாம் கலரு. நானும் வாங்கி வச்சிருக்கேன். அதுல ஒரே ஆளு போதும், மெஷினே எதிராளி. ரெண்டு வருஷமா வேல விட்டு வந்து அதோடதான் ஆடுறேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த ரூமுல பேச்சுக் குரல் இருக்காதுப்பா. எனக்கு எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணும்.”

முத்தையன் உட்கார்ந்தார்.

பூமிநாதன் என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. இனிமே எனக்காக மட்டைய நீளமாக்கக் கூடாது.”

பெண் பார்க்கும் நாளில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்தாள். நான் நிமிர்ந்தே சொன்னேன்.

“இனிமே ஆக்கல. நீங்களும் எனக்கு ஆக்கக் கூடாது.”

“ஆக்க மாட்டேன்” என்றார்.

சொர்ணாம்பாள் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார். அம்மா கண்ணைத் திறந்து, வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே ஓடினாள்.