தாய்மாமன் மடியும் கூட்டு மாத்திரையும்

முத்தரசுவுக்கு ரத்த அழுத்தம் வந்து மூன்று வருஷமாகிறது. அவர் அதை ஒரு நோயாக மதித்ததே இல்லை. ஓரளவு வசதி வந்த மனிதர்களுக்கு ஊர் கொடுக்கும் பட்டம் என்றுதான் நினைத்திருந்தார். காரைக்குடியில் பதினெட்டு வீடு கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டருக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி? காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். காலை மாத்திரையை வாரத்தில் நாலு நாள் போடுவார். இரவு மாத்திரையை, ஞாபகம் வந்தால், மறுநாள் மத்தியானம் போடுவார்.

இத்தனை ஒழுக்கத்துக்கும் பலன் கிடைக்காமல் போகுமா? போன திங்கட்கிழமை பார்த்தபோது நூற்று எழுபதுக்கு நூறு என்று நின்றது. டாக்டரம்மா பழைய சீட்டைக் கோடு போட்டு அடித்தார். புதுச் சீட்டில் ஒரே ஒரு மாத்திரை எழுதினார். ரெண்டு மருந்தும் இந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது, தினமும் காலையில் ஒன்று, ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் சேர்த்து ரெண்டாகப் போடக் கூடாது, பழைய மாத்திரைகளை இனிமேல் தொடவே கூடாது என்று விளக்கினார். மூட்டு வலிக்கு இஷ்டப்படி வலி மாத்திரை வாங்கிப் போடுவதையும் நிறுத்தச் சொன்னார். முத்தரசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர்கள் முன்னால் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மருந்துக்கடையில் நாதியாவும் அதையே சொன்னாள். பி.பார்ம் படித்த பெண். எந்த மாத்திரையையும் ரெண்டு வார்த்தை சொல்லாமல் கொடுக்க மாட்டாள். வீட்டில் பழைய அட்டைகள் மிச்சமிருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், தெரியாமல் கை போய்விடும் என்றாள். ஒன்றும் மிச்சமில்லை என்றார் முத்தரசு. அவர் சட்டைப் பையிலேயே ஒரு அட்டை இருந்தது. ஒழுங்காகப் போடாத மனிதரிடம் மாத்திரைக்குப் பஞ்சமா?

புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அவருக்கு மனசு ஆறவில்லை. ரெண்டு மாத்திரைக்காரராக மூன்று வருஷம் வாழ்ந்தவரை ஒரு மாத்திரைக்காரராக இறக்கிவிட்டார்கள். அதுவும் இத்தனூண்டு. இதற்குள் ரெண்டு மருந்தாம். மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்துக் கலவை போடும் மேஸ்திரிகளை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். "எல்லாம் உள்ள இருக்கு" என்று சொன்னால் நம்பிவிடுவாரா?

சாதாரண வாரமாக இருந்தால் நம்பிக்கூடத் தொலைத்திருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாதாரண ஞாயிற்றுக்கிழமை அல்ல. தங்கை தீபலட்சுமியின் மகளுக்குக் காதுகுத்து. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஒக்கூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர்கள் குலதெய்வம் ஐயனார் கோவிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மடிக்குச் சொந்தக்காரர் முத்தரசு. தன் மடியைத் தயார் நிலையில் வைத்துக்கொண்டு இன்னொருவனும் காத்திருந்தான். சித்தப்பா மகன் சின்னக்கருப்பு. முறைப்படி அவனும் தாய்மாமன்தான். ரெண்டு போர்வெல் லாரி வைத்திருப்பவன். அடுத்தவர் தரையில் குழி தோண்டுவது அவனுக்குத் தொழில்.

போன வருஷம் தீபலட்சுமி புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தில் முத்தரசுவுக்கு அழுத்தம் ஏறி, சீர்த்தட்டைத் தூக்குகிற நேரத்தில் கண் இருட்டிவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். தட்டைச் சின்னக்கருப்பு தலையில் ஏற்றிக்கொண்டான். அவனுடைய பாசம் அப்படி. இன்றைக்கும் தங்கை வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் அவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணன் இருந்தும் பங்காளி சீர் கொண்டுவந்த வீடு என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை மடியும் போனால் முத்தரசு தாய்மாமன் என்பதற்கு ரேஷன் கார்டில்கூட சாட்சி இருக்காது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அழுத்தம் ஏறக் கூடாது. ஏறவே கூடாது. அதற்கு அவர் தன் தொழிலிலிருந்தே வழி கண்டுபிடித்தார். தூணுக்குக் கான்கிரீட் போடும்போது இன்ஜினீயர் ஏழு மூட்டை என்று எழுதியிருந்தால் முத்தரசு எட்டாகப் போடுவார். "ஒண்ணு கூடக் கிடக்கட்டும், ஆபத்துக்கு ஆகும்" என்பது அவருடைய கட்டட சாஸ்திரம். அந்த சாஸ்திரத்தை அப்படியே உடம்புக்குக் கொண்டுவந்தார். காலையில் புது மாத்திரை. கூடவே பழைய காலை மாத்திரை. இரவில் பழைய இரவு மாத்திரை. மூன்று வருஷமாக ஒழுங்காக ஒரு வேளையும் போடாத மனிதர், கூடாது என்று சொன்ன பிறகு ஒரு வேளை தப்பாமல் போட்டார்.

புதன்கிழமையே வேலை ஆரம்பமாகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தால் வீடு அரை வட்டம் சுற்றி நின்றது. வெயில் என்றார். வியாழக்கிழமை கோவிலூர்ப் பக்கம் நடக்கும் கட்டடத்தில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. கண்ணேறு என்றார். மனைவி மாரீஸ்வரி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மாத்திரை ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களும் அந்த வீட்டில் அலசப்பட்டன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரி வற்புறுத்தி, வீட்டு மெஷினில் அழுத்தம் பார்க்க வைத்தாள். தொண்ணூற்று நாலுக்கு ஐம்பத்தெட்டு. முத்தரசுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. டாக்டரம்மா கேட்டது நூற்று முப்பதுக்கு எண்பது. இவர் கொடுத்திருப்பது அதைவிட எவ்வளவு குறைவு! அவருக்குத் தெரிந்தது டெண்டர். டெண்டரில் குறைந்த தொகை போட்டவனுக்குத்தான் வேலை. மெஷினைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதினாறு பேர் கைகூப்பினார்கள். சின்னக்கருப்பு பூமாலைப் படம் ஒன்றை அனுப்பினான். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, முன்னேற்பாடு என்று எடுத்துக்கொள்வதா என்று மாரீஸ்வரிக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. மறுநாள் பிள்ளைக்குக் காது குத்தும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கப் போகிறவர், ஒத்திகையாகச் சனிக்கிழமையும் சாப்பிடவில்லை. கட்டடத்தில் குத்தவைத்துத் தரைமட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் விருட்டென்று எழுந்தார். எழுந்தது தெரியும். அடுத்து அவருக்குத் தெரிந்தது வானம். எம்-சாண்ட் மணல் குவியல் பக்கத்தில் இருந்ததால் தலை தப்பியது. ஜல்லிக் குவியல் நாலு அடி தள்ளியிருந்தது.

கொத்தனார்கள் அவரைக் காரில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலைத் தூக்கி வைத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா வந்து எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்ன அந்த ஒன்றுதான் என்று முத்தரசு படுத்தபடியே தலையாட்டினார். பழக்கதோஷம்.

அந்த நேரம் பார்த்து மாரீஸ்வரி உள்ளே வந்தாள். கட்டடத்திலிருந்து அவருடைய பையை யாரோ கொடுத்து அனுப்பியிருந்தார்கள். டேப்பும் தூக்குக்குண்டும் கிடந்த அந்தப் பைக்குள்ளிருந்து மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து டாக்டர் மேஜையில் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் சரியாக, ஒழுங்காக, ஒரு நாளைக்கு ஒன்று வீதம் ஓட்டை விழுந்திருந்தது.

"ஒண்ணு கூடக் கிடந்தா நல்லதுதானேன்னு..." என்று இழுத்தார் முத்தரசு.

"தூணுக்கு நல்லது. தூண் நிக்குது. நீங்க விழுந்துட்டீங்களே" என்றார் டாக்டரம்மா.

அதன்பிறகு அவர் சொன்னவை ஒன்றும் சிரிக்கிற மாதிரி இல்லை. ஒரே மருந்து ரெண்டு மடங்காகப் போயிருக்கிறது. அழுத்தம் ஏறினால் ஆபத்து என்பது எப்படி உண்மையோ, கிடுகிடுவென்று இறங்கினால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகாது என்பதும் அப்படியே உண்மை. ஜல்லியில் விழுந்திருந்தால் பேச்சே வேறு. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தால் நாளைக் காலையில் விடுவார்கள், அதுவரை படுக்கை. இதைக் கேட்ட முத்தரசு, ஒரேயடியாக, அப்படியானால் இனிமேல் மாத்திரையே வேண்டாம் என்று அறிவித்தார். அதற்கும் திட்டு விழுந்தது. தானாகக் கூட்டவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. நாளைக்கு அழுத்தம் பார்த்துவிட்டு எப்போது தொடங்குவது என்று நாங்கள் சொல்வோம், அதுவும் அந்த ஒரே ஒன்று.

செய்தி சின்னக்கருப்புக்கு எட்டியது. எட்டிய வேகத்தில் அவனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான், ஆரஞ்சுப் பழத்தோடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீக. மடிதான? நான் எதுக்கு இருக்கேன்" என்றான்.

"நான் இன்னும் சாகலடா" என்றார் முத்தரசு.

"அதைத்தான் நானும் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. அழுத்தம் நூற்றுப் பத்துக்கு எழுபது. டாக்டரம்மா அவரை அனுப்பச் சம்மதித்தார், நிபந்தனைகளோடு. விரதம் கிடையாது, இட்லி சாப்பிட வேண்டும். கார் ஓட்டக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழுவதென்றால் உட்கார்ந்து, நிதானித்து, அப்புறம் எழ வேண்டும். தலை சுற்றினால் சுற்றுகிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை அவர் மாரீஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்.

கோவிலில் கூட்டம் கூடியிருந்தது. கிடாக்கள் தங்கள் பங்குக்குக் காத்திருந்தன. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, பக்கத்து மண்டபத் தூணில் முதுகு சாய முத்தரசுவை உட்கார வைத்தார்கள். பட்டு வேட்டி, புதுத் துண்டு, கையில் குளுக்கோஸ் ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரெண்டு முழம் தள்ளி, யாரும் கேட்காமலேயே, சின்னக்கருப்பு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் பட்டு வேட்டிதான்.

மொட்டையில் சந்தனம் பூசிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீபலட்சுமி வந்தாள். பதினோரு மாதக் குழந்தை. அண்ணன் மடியில் இறக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அண்ணே, தல சுத்துதா? உள்ளதச் சொல்லுங்க."

முத்தரசு மடியை விரித்து வைத்திருந்தார். இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும். மூன்று வருஷமாகத் தினமும் செய்வதுதான், காசா பணமா? நாலு நிமிஷம் தாக்குப் பிடித்தால் ஆல்பத்தின் முதல் பக்கம் அவருக்கு. தாக்குப் பிடிக்காவிட்டால்? பிள்ளை காதில் ஊசி ஏறியிருக்கிற நேரத்தில் மடி சரிந்தால்? பத்து வருஷம் கோவில் கோவிலாக நடந்து பெற்றவள் எதிரில் நிற்கிறாள். மாரீஸ்வரி வாயைத் திறக்கப் போனாள். அவளுக்கு வேலை வைக்காமல் அவரே திறந்தார்.

"சுத்துதும்மா. லேசாத்தான். ஆனாலும் பிள்ளைய என்கிட்டக் குடுக்காத."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தீபலட்சுமி அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் திரும்பி முடிப்பதற்குள் சின்னக்கருப்பின் மடி முன்னால் நகர்ந்து வந்திருந்தது.

வீடியோக்காரர் கிட்டே போனார். சின்னக்கருப்பு கேமராவைப் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையின் தலையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். ஆசாரி இடது காதில் ஊசியை ஏற்றினார். பிள்ளை கத்திய கத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. ஊசி போட்ட ஆசாரியைப் பிள்ளை பார்க்கவே இல்லை. தன்னை இறுக்கிப் பிடித்திருந்தவன் முகத்தைத்தான் பார்த்தது. நன்றாக, ஆழமாக, மனப்பாடம் செய்வது போலப் பார்த்தது. பிறகு அந்த மீசையில் ஒரு பிடி பிடித்தது.

தீபலட்சுமி பிள்ளையைப் பறித்துக்கொண்டு வந்து, சமாதானப்படுத்த வேறு வழி தெரியாமல் அண்ணன் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் கையிலிருந்து நழுவி முத்தரசுவின் மடிக்குத் தாவி, அவர் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. விசும்பல் மெல்ல மெல்ல அடங்கியது. சின்னக்கருப்பு எட்டிப் பார்த்து, "மாமாகிட்ட வாடா தங்கம்" என்றான். விசும்பல் மறுபடி வீறிட்டது.

ஆசாரி அடுத்த காதுக்குத் தோட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். தீபலட்சுமிக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது பிள்ளை தானாகவே அண்ணன் மடியில் இருக்கிறது, தான் ஒருபக்கம் பிடித்துக்கொள்கிறேன், அண்ணி ஒருபக்கம் பிடித்துக்கொள்ளட்டும், வலது காதையாவது முறைப்படி குத்திவிடலாம் என்றாள். கூட்டமும் அதுதான் நியாயம் என்றது. யாரோ வீடியோக்காரரை இந்தப் பக்கம் கூப்பிட்டார்கள்.

முத்தரசு ஊசியைப் பார்த்தார். துண்டுக்குள் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த மொட்டைத் தலையைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டிருந்த சின்னக்கருப்பைப் பார்த்தார். தலைசுற்றல் எப்போது நின்றதென்று அவருக்கே தெரியவில்லை.

"வேணாம் ஆத்தா" என்றார், பெரிய மனசோடு. "தொடங்குனவன்தான் முடிக்கணும். மரியாதைய ரெண்டாப் பங்கு வைக்கப்புடாது. அந்தக் காதையும் தம்பி மடியிலயே குத்திருங்க."

முத்தரசுவின் பெருந்தன்மையைப் பெரியவர்கள் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். இத்தனை பேர் முன்னால் கிடைத்த மரியாதையை மறுக்கவும் முடியாமல் சின்னக்கருப்பு மறுபடி சம்மணம் போட்டான். வலது காதும் குத்தியாயிற்று. இந்தத் தடவை காக்கைகள் முன்கூட்டியே போயிருந்தன.

தோடு மாட்டியதும் பிள்ளை ரெண்டு கையையும் முத்தரசுவைப் பார்த்து நீட்டியது. மாரீஸ்வரி வாங்கி அவர் மடியில் விட்டாள். சின்னக்கருப்பு தான் கொண்டுவந்த ஒரு பவுன் சங்கிலியை விரலில் தொங்கவிட்டு ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். பிள்ளை முத்தரசுவின் சட்டைப் பித்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பவே மறுத்தது.