மூன்றாவது ராடில் பெல்ட்டுத் துண்டு

1

இது சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கியது. பழைய இன்ஜின்களைப் பிரிக்கும் ஒருவர், உள்ளே கண்டெடுத்ததையெல்லாம் எனக்கு ஒப்பித்தார்: ஆயில் வடிகட்டி இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டித் திணித்த காலுறை, கேஸ்கெட்டுக்குப் பதில் பிஸ்கட் டப்பா அட்டை, பேரிங்குக்குப் பதில் இடுப்பு பெல்ட்டுத் துண்டு. விழுந்து விழுந்து சிரித்தேன். “பெல்ட்டு வச்ச வண்டிய ஓட்டினவன் என்ன ஆனான்?” என்று கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த இன்ஜினுக்குப் போய்விட்டார். மீதியை நான்தான் கட்டியிருக்கிறேன்.

2

‘அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்…’

வேண்டாம். பட்டறைக்குள் மழைக்கு வேலையில்லை. தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் வேன் இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். ஓடும்போதே பாலத்தில் இறுகி நின்ற இன்ஜின். வேன் கைப்பிடிச் சுவரில் மோதி ஓட்டுநரின் கால் முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இன்னும் கண் திறக்கவில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டினான் என்று வேன் முதலாளி போலீசில் புகார் கொடுத்துவிட்டார். மோதியதில் ஆயில் தொட்டி உடைந்து எல்லாம் வடிந்துபோனதால், இனி இன்ஜினின் உள்பக்கம்தான் சாட்சி. அதைப் பார்க்க மூன்று மணிக்கு வாகனப் பரிசோதகர் வருகிறார். ஓட்டுநரின் மனைவி காலையிலிருந்தே வாசலில் நிற்கிறாள்.

பிஸ்டனையும் சுழலும் தண்டையும் இணைக்கும் ராடுகளில் மூன்றாவதன் மூடியைக் கழற்றினான். பேரிங் இல்லை. கருகிய தோல். பெல்ட்டின் ஓட்டை ஒன்றுகூட அப்படியே இருந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். மூடிகள் இடம் மாறிவிடாமல் இருக்க மெக்கானிக்குகள் உளியால் புள்ளி அடித்து வைப்பார்கள். மூன்றாவதற்கு மூன்று புள்ளி. இந்த மூன்றும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது கையால் சுத்தியல் பிடிப்பவன் அடித்தது.

அடுத்த மேசையில் அவன் தம்பி கார்புரேட்டர் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டறையில் அவனுக்கு ‘லெப்ட்டு’ என்றுதான் பெயர்.

3

(தம்பியை முதலில் குடிகாரனாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் கெட்டவன் என்றால் அண்ணனுக்கும் எனக்கும் வேலை சுலபம். அவன் நல்ல வேலைக்காரன். அதுதான் தொல்லை.)

“டேய், இங்க வா. என்னடா இது?”

“மெதுவா பேசுண்ணா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பார்ட் வரல. வண்டி வேணும்னு முதலாளி உயிர எடுத்தான். தற்காலிகமா செஞ்சிருக்கேன், நாலு நாள்ல திருப்பிக் கொண்டாங்கன்னு சொன்னேன். நல்லா ஓடுதுன்னு மூணு வாரம் எட்டிக்கூடப் பாக்கல.”

“ஓட்டுறவன்கிட்ட சொன்னியா?”

“அவன்கிட்ட எதுக்கு…”

“மூணு வாரம் ஓடுதேன்னு உனக்குப் பெருமை வேற!”

தம்பி கையிலிருந்த துணியை மடித்தான். பெருமை இருந்தது.

“அண்ணே,” வாசலிலிருந்து அவள், “உள்ள ஏதாவது தெரிஞ்சுதா?”

“பாத்துட்டிருக்கேம்மா.”

4

முடிவு ஒன்று: அண்ணன் தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். [எழுதி முடித்தேன். ஓட்டுநர் சிறைக்குப் போனான். லெப்ட்டு மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தான். படித்துவிட்டு நானே தாளைக் கிழித்துப் போட்டேன்.]

முடிவு இரண்டு: தம்பி தானாகவே போய் ஒப்புக்கொள்கிறான். [இது என் ஆசை. நான் வளர்ந்த வரிசை வீடுகளில் அப்படிப் போய் நின்றவர் யாரையும் பார்த்ததில்லை. சம்பாதிக்கும் ஒரு கை நின்றால் ஐந்து வயிறு காயும்.]

முடிவு மூன்று: ‘செஞ்சது நான்தான்’ என்று அண்ணன்… [சினிமா.]

5

வெளியே பரிசோதகரின் பைக் நிற்கிறது. அவள் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். மெக்கானிக்கின் மூடிய உள்ளங்கைக்குள் தோல் துண்டு இருக்கிறது.

“கையில என்னண்ணே?”

“அண்ணா…” என்றான் தம்பி.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். எழுதினால் தம்பியைத்தான் காப்பாற்றுவேன். அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தேன், திறமை கொடுத்தேன், பேச வைத்தேன். கால் முறிந்து கிடப்பவனை இந்தக் கதைக்குள் ஒருமுறைகூடக் கூட்டிவரவில்லை; ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுகிறவனைக் கணக்கில் எடுக்காமல் லெப்ட்டு செய்த அதே காரியம். அதனால் என் கை இதில் சுத்தமில்லை.

நீங்கள் சொல்லுங்கள். பரிசோதகர் படியேறிவிட்டார், அதற்குள் அவளுக்குப் பதில் வேண்டும்.